இருபதாவது கை

ஜூலை 9, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகப் பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று பார்க்க வாசல் கதவைத் திறந்தேன். பால் இல்லை. மலை நின்றது. பாதி மலைக்கு மேல் மேகம் மூடியிருக்க, சாரல் வந்து முகத்தில் ஒட்டியது. அப்போதுதான் நான் கூத்தன்கோட்டையில் இல்லை, குற்றாலத்தில் இருக்கிறேன் என்பதும், நேற்று மாலை என்னைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தன.

கடத்தல் என்பது கொஞ்சம் கூடுதலான சொல். நானே இஸ்திரி போட்ட சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். ஆனால் ஏறியதும் செல்போனை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினார்கள். என்னோடு மற்ற பதினொரு பெண் உறுப்பினர்களுடையதையும்.

நடந்தது இதுதான். அடுத்த புதன்கிழமை எங்கள் நகராட்சித் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அவரை இறக்க இருபது பேர் கை தூக்க வேண்டும். வைஸ் சேர்மன் ஆவுடையப்பன் பக்கம் எட்டு ஆண்கள், பன்னிரண்டு பெண்கள். ஒருவர் நழுவினாலும் அண்ணாச்சி நாற்காலியிலேயே இருப்பார். அதனால் அதுவரை எங்களை இந்தப் பங்களாவில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆண்கள் நான்கு தெரு தள்ளி இன்னொரு பங்களாவில்.

எங்கள் வீட்டுக்காரர்களும் வேனில் ஏறப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் கும்பிட்டுத் தடுத்துவிட்டார். புருஷன்மார்கள் கூட இருந்தால் ஒரே இரவில் விலை பேசி முடித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "லேடீஸ் மட்டும்னா ஃப்ரீயா இருப்பாவ" என்றார்.

ஆளுக்கொரு பை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு சேலை, சோப்பு, தேங்காய் எண்ணெய், இந்த டைரி. டைரி அட்டையில் ஆவுடையப்பன் சிரிக்கிறார். கீழே 'நகர்மன்றத் தலைவர்' என்று அச்சடித்திருக்கிறது. இன்னும் ஆகாத பதவிக்கு டைரி அடித்துவிட்டார். நான் அட்டையைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

காப்பியை யாரோ போட்டு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. குடித்து முடித்த டம்ளரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 10, புதன்

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பேரருவியில் நின்றோம். தண்ணீர் தோளில் அடிக்கிற அடியில் பேசவும் முடியாது, யோசிக்கவும் முடியாது. மூன்றாவது வார்டு வேலம்மாள், அறுபது தாண்டியவள், அருவிக்கு உள்ளே நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் யாரை என்று கேட்டேன். வரிசையாக எல்லாரையும் திட்டி முடித்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் ஒருத்தருக்கும் கேட்காது என்றாள். பிறகு நானும் போய் முயன்று பார்த்தேன். எனக்கு ஒரு பெயர்தான் வந்தது. அதையும் முழுதாகச் சொல்லவில்லை.

மத்தியானம் ஆவுடையப்பன் வந்தார். முகம் வெளுத்திருந்தது. விஷயம் இது: அண்ணாச்சியின் ஆட்கள் நேற்று இரண்டு வேன் வைத்து எங்கள் வீட்டுக்காரர்களை எல்லாம் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விதவையான வேலம்மாளுக்கு மகனை. பத்தொன்பதாவது வார்டு ரோஸ்லின் புருஷன் துபாயில் இருப்பதால் அவள் மாமனாரை.

ஒரு கணம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ரோஸ்லின்தான் முதலில் சிரித்தாள். அவள் மாமனாருக்கு மூட்டுவலி, குளிரே ஆகாது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சாம்பார் வாளியோடு நின்ற சமையல்கார அம்மாவும் சிரித்தாள்.

ஆவுடையப்பன் கோபப்பட்டார். "சிரிக்கிற விசயமா இது? உங்க ஓட்டெல்லாம் இப்ப அவன் கையில இருக்கு."

வேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கை எங்ககிட்டல்லா இருக்கு, தம்பி."

ஜூலை 11, வியாழன்

நாள் முழுக்க மழை. அருவியில் குளிக்கத் தடை. கூடத்தில் பாய் விரித்து ரம்புட்டான் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே அண்ணாச்சியின் கதைகளைப் பேசினோம். இறக்கப் போகிறவரைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பூங்கா நீரூற்று கதை எல்லோருக்கும் தெரியும். மந்திரி திறந்துவைத்தபோது சுவருக்குப் பின்னால் தண்ணீர் லாரி நின்றது. மந்திரி கார் கிளம்பியதும் லாரியும் கிளம்பியது, நீரூற்றும் நின்றது. அடுத்தது மேலரத வீதி பயணியர் நிழற்குடை. ஒரே நிழற்குடையை மூன்று தடவை மூன்று நிறம் அடித்து மூன்று தடவை திறந்தார். மூன்றுக்கும் பில் போட்டார். அதற்கும் அடுத்தது நாய்க் கருத்தடை. கணக்குப்படி எங்கள் ஊரில் ஒவ்வொரு நாய்க்கும் நான்கு தடவை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பத்திரிகையில் வந்து நாறியது. அண்ணாச்சி பொதுக்கூட்டம் போட்டு, மைக்கைப் பிடித்து, "எந்த நாயாவது நின்னு எண்ண விட்டிருக்கா? தப்பு நடக்கத்தான் செய்யும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து வந்த தேர்தலிலும் ஜெயித்தார்.

ஒவ்வொரு ஊழலுக்குப் பிறகும் அவர் கொஞ்சம் பெரிய ஆளாகத்தான் வெளியே வந்திருக்கிறார். சிரிக்க வைத்தவனைத் தண்டிக்க எங்கள் ஊருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கடைசியாகத் தெருவிளக்கு. ஊர் முழுவதும் வெள்ளை விளக்கு போட்டார். ஆடியில் போட்டவை தீபாவளிக்குள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. போன மார்கழியில் கீழத்தெருவில் இருட்டில் சைக்கிளில் வந்த தையல்கார மனிதர் திறந்த சாக்கடையில் விழுந்து இடுப்பு உடைந்து இன்னும் படுக்கையில் இருக்கிறார். அந்தக் கதைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்ததும் வேலம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேச்சை நுங்குக்கு மாற்றினாள்.

அது எங்களுக்கு வியாபாரம் நன்றாக இருந்த வருடம். மாடி கட்டினோம். கடையில் இடம் போதாமல் பல்பு அட்டைப்பெட்டிகள் வீட்டுக் கூடம் வரை அடுக்கியிருந்தன. அந்தப் பெட்டிகள் நல்ல உறுதி. என் கல்லூரிப் புத்தகங்களை எல்லாம் அவற்றில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சியைப் பற்றி ஒன்று எழுதத்தான் வேண்டும். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை நிறுத்துவது என்று வீட்டுக்காரரோடு பேசி முடித்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். போகும்போது திரும்பி, "உனக்குச் சம்மதமா தாயி?" என்று கேட்டார். என் கல்யாணத்தின்போதுகூட என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

ஜூலை 12, வெள்ளி

இன்று நாங்கள் நகர்மன்றக் கூட்டம் நடத்தினோம். வேறென்ன செய்வது, இன்னும் மழைதான்.

ரோஸ்லின் சேர்மனாக உட்கார்ந்தாள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி மாதிரியே தொடையைத் தட்டிப் பேசினாள். தீர்மானம் ஒன்று: குற்றாலத்திலேயே நிரந்தரமாகத் தங்குவது. தீர்மானம் இரண்டு: கொடைக்கானலில் இருப்பவர்களை அங்கேயே வைத்துக்கொள்ளுமாறு அரசைக் கேட்டுக்கொள்வது.

அந்த நேரம் பார்த்து வெளியே வாட்ச்மேன் இருமினார்.

பன்னிரண்டு கைகளும் மேலே போயின.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் மன்றத்தில் பெண் உறுப்பினர்களின் புருஷன்மார் பின்பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். தீர்மானம் வாசித்ததும் கை தூக்க வேண்டும் என்றால் இருமுவார்கள். இருமல் வராவிட்டால் தூக்கக் கூடாது. இரண்டரை வருடப் பழக்கம். ஆணையர் ஒரு தடவை, ஊரில் ஏதோ தொற்று பரவுகிறது என்று நினைத்து சுகாதார ஆய்வாளரை வரவழைத்தார்.

தூக்கிய கைகளைப் பார்த்துச் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். வாட்ச்மேன் பயந்துபோய் எட்டிப் பார்த்து மறுபடியும் இருமினார், அதற்கும் இரண்டு பேர் தூக்கினார்கள். பிறகு சிரிப்பு தானாக வடிந்தது. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி செண்பகம், நீ படிச்சவ" என்றாள் வேலம்மாள். "புதன்கிழமை எதுக்குக் கை தூக்கப் போறோம்னு அந்தப் பேப்பர எடுத்து வாசி. நான் இதுவரைக்கும் ஒண்ணக்கூட முழுசாக் கேட்டதில்ல."

வாசித்தேன். அண்ணாச்சி மீது ஒன்பது குற்றச்சாட்டுகள். கடைசியில் தெருவிளக்கு: 'தரமற்ற விளக்குகள் வாங்கிய வகையில் நகராட்சிக்கு இழப்பு'. ரோஸ்லின் நர்சிங் படித்தவள், ஒரு மருந்து என்றால் கம்பெனி பெயர் பார்க்காமல் விடமாட்டாள். யாரிடம் வாங்கியது என்று இதில் இல்லையே என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்குள் பஜ்ஜி வந்தது.

ஜூலை 13, சனி

ஐந்தருவி. பரோட்டா. மறுபடியும் ஐந்தருவி.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் சமையல்கார அம்மா கண்ணைக் காட்டி அடுக்களைக்குக் கூப்பிட்டாள். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு செல்போனை எடுத்து நீட்டினாள். அண்ணாச்சி.

"என்ன தங்கச்சி, அருவியில தண்ணி விழுதா?"

"விழுது அண்ணாச்சி."

"அது விழுந்தா அழகா இருக்கும். நான் விழுந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவர். அடுத்து கொடைக்கானல் செய்திகளை வாசித்தார். ரோஸ்லின் மாமனார் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வேலம்மாள் மகன் குதிரைச் சவாரி போய்க் கீழே விழுந்தான், அடி ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்காரர் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு சீட்டில் எல்லாரையும் ஜெயிக்கிறார். புருஷன்களைப் பிடித்தால் போதும் என்று நினைத்தது தன் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம் என்று அண்ணாச்சியே சொன்னார். இங்கே பேச ஆள் இருக்கிறது, கை தூக்க ஆளில்லை என்றார்.

பிறகு குரல் மாறாமலே விஷயத்துக்கு வந்தார்.

"கை தூக்காத தாயி. தூக்கித்தான் ஆகணும்னா ஆவுடையப்பன உக்கார வைக்காத. அவனுக்கு மறைக்கத் தெரியாது, ஊர் மானம் போயிரும். நீயே உக்காரு. என் ஆளுக நாலு பேரும் உனக்குத்தான் போடுவாவ. வேலையெல்லாம் உன் வீட்டுக்காரன் திரவியம் பாத்துக்கிடுவான்."

நான் மாவு டப்பாவை மூடி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அந்த லைட்டு விசயம் எல்லாம் அதோட முடிஞ்சுரும். பேப்பர்ல பேர் போடாம எழுதிருக்கான் பாரு ஆவுடையப்பன். ஏன்னு உனக்கே தெரியும், உன் கை வேணும்லா அவனுக்கு. எனக்கு வேண்டியதும் அதுதான். பேர் இல்லன்னா கேசு இல்ல. ஆமா, உங்க மாடியில காத்து நல்லா வருதாமே? திரவியம் சொன்னான்."

மிரட்டல் என்று சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவ்வளவு பிரியமாக ஒருவர் என் கழுத்தில் கை வைத்தது இல்லை.

வீட்டுக்காரர் போனை வாங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். கூடத்து விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார், நான் வீட்டில் இல்லை என்பது மறந்துவிட்டது போல. அண்ணாச்சி சொன்னபடி செய், நமக்கு நல்லது என்றார். அங்கே குளிர் போலிருக்கிறது, சொல்லி முடித்ததும் இருமினார்.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். சமையல்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். என் வலது கை தோளுக்கு மேலே இருந்தது.

இறக்கிவிட்டு, அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 15, திங்கள்

வேலம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அடுக்களைப் போன் எனக்கு மட்டும் வரவில்லை, வரிசையாக ஒவ்வொருவருக்கும் வந்திருக்கிறது. அவள் மகன் அழுதானாம், எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லையாம்.

இன்று அருவிக்கரையில், ஈரத் துணியோடு, உண்மையான கூட்டம் நடந்தது. எங்கள் பன்னிரண்டு பேர் இல்லாமல் அண்ணாச்சியை இறக்கவும் முடியாது, ஆவுடையப்பனை ஏற்றவும் முடியாது. இதை இத்தனை நாள் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கூட்டிப் பார்க்கவில்லை. ரோஸ்லின் விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள், பிறகு தண்ணீரில் ஒரு குதி குதித்தாள்.

அண்ணாச்சியை இறக்குவது, ஆவுடையப்பனை ஏற்றாமல் இருப்பது, எங்களில் ஒருத்தி உட்காருவது. யார் என்றபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் படித்தவளாம், தீர்மானத்தைத் தெளிவாக வாசித்தேனாம். பாவாடையைப் பிழிந்துகொண்டே ஒரு நகராட்சித் தலைவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எனக்குத் தலை சுற்றியது. பயமா, தண்ணீரா, சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு நீலக் கைத்தறிச் சேலைகூட மனதில் எடுத்து வைத்தேன்.

அப்புறம் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். அந்தப் பதிலை யாரும் நம்பவில்லை, ஆனால் வேலம்மாள் மற்றவர்களை அதட்டி அடக்கிவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். "அந்த விளக்கப் பத்தி நினைக்கிறியோ?" என்றாள்.

"எந்த விளக்கு?"

"சரி, விடு. நாங்க யாரும் அந்தப் பேரச் சொல்ல மாட்டோம். படுத்துக் கெடக்குற தையக்காரருக்குக்கூடத் தெரியும், அவரும் சொல்லல. உன் முகத்துக்காக."

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். நான் மட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு வேன். இரவு ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்து, காலையில் நேராக மன்றத்துக்கு. புருஷன்மாரும் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்களாம். மன்ற வாசலில் சந்திக்கிறோம்.

எல்லோரும் ஊருக்குக் கொண்டுபோக நேந்திரம் சிப்ஸும் பழமும் வாங்கினார்கள். நானும் கால் கிலோ மங்குஸ்தான் வாங்கினேன், வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். ஆவுடையப்பன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். என்னிடம் தனியாக வந்து, பேப்பரில் எந்தப் பெயரும் வராமல் தான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். நன்றி எதிர்பார்த்தார். நன்றி என்றேன். அவர் டைரியில்தான் இதை எழுதுகிறேன் என்பது எவ்வளவு வேடிக்கை.

கடைசியாக ஒரு தடவை அருவிக்குப் போனேன், தனியாக. முதல் தடவை பாதியில் விட்ட பெயரை முழுதாகச் சொன்னேன். திரவியம். இருபத்திரண்டு வருடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. திட்டவில்லை. பெயரை மட்டும்தான் சொன்னேன். பிறகு சத்தமாக. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, காணாமல் போன குழந்தையையா கூப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

பெட்டியை அடுக்கிவிட்டேன். வேன் வர இன்னும் நேரம் இருக்கிறது. அறையில் ரோஸ்லின் ஈரத் தலையோடு படுத்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதுகிறீர்கள் அக்கா என்று கேட்டாள். செலவுக் கணக்கு என்றேன்.

நாளை என் கை மேலே போகும், யார் இருமினாலும் இருமாவிட்டாலும். அண்ணாச்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் எனக்கு இன்னும் பிரியம்தான். அதையும் சேர்த்தே தூக்குவேன்.

அதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியாதது இனிமேல்தான். தீர்மானத்தின் மீது உறுப்பினர் பேசலாம் என்று விதி இருக்கிறது. இந்த இரண்டரை வருடத்தில் நான் ஒரு தடவையும் பேசியதில்லை. நாளை எழுந்து, ஒன்பதாவது குற்றச்சாட்டில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்த்துக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆணையரிடம் சொல்லப் போகிறேன். விளக்குகளை வாங்கிய கடை, திரவியம் எலெக்ட்ரிகல்ஸ், தெற்கு பஜார். உரிமையாளர் என் கணவர். பெட்டிகள் இருந்த இடம் என் வீட்டுக் கூடம். வேலம்மாளிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுதுவிடுவாள், நானும் சேர்ந்து அழுதுவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் இந்தப் பெண்கள் என்னையே காட்டினால் உட்காருவேன். காட்டாவிட்டால் பதினோராவது வார்டு உறுப்பினராகவே இருப்பேன். இரண்டுக்கும் அந்த நீலச் சேலை சரியாக இருக்கும்.

வேன் சத்தம் கேட்கிறது. நாளை ராத்திரி வீட்டுக்குப் போய் அவருக்கு என்ன சமைப்பது என்பதை மட்டும்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.